முகமில்லாத தலைக்குப் பொட்டு

செப்டம்பர் 22, திங்கள்

கேலரியில் பெட்டிகளைப் பிரித்தார்கள். சுவீடன் நாட்டு வெள்ளைக்கார சாய்ப்பு ஒருவர் எழுபது வருஷத்துக்கு முன்னால் வரைந்ததும் வடித்ததும். ஆர்விட் என்று பேராம். படம் முழுக்கப் பனி. பெருக்கிக்கொண்டே பார்த்தேன். செக்யூரிட்டி ஷைஜு, "சேச்சி, இப்பம் கேலி ஒண்ணும் இல்லையல்லோ" என்றான். சிரித்துவைத்தேன். என் வீட்டுக்காரர் தவறிப்போனது சித்திரையில். அதற்கப்புறம் வாய்க்கு என்னவோ ஆகிவிட்டது.

செப்டம்பர் 25

கடைசிப் பெட்டியில் ஒரு பெண் தலை. வெள்ளைப் பிளாஸ்டர். கொண்டை இருக்கிறது, காது இருக்கிறது, முகம் மட்டும் மொழுக்கென்று. "மூஞ்சி வைக்க மறந்துட்டாரா சாய்ப்பு?" என்றேன். கேலரியைப் பார்த்துக்கொள்ளும் ஜினி மேடம் சிரிக்கவில்லை. பெண்டாட்டி செத்தபின் அந்த மனுஷன் பெயிண்டைத் தொடவே இல்லையாம். வெகுநாள் கழித்து அவளை இப்படிச் செய்தாராம். முகம் வரவில்லையாம்.

செப்டம்பர் 28

சோறு. தூக்கம்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

துடைப்பம், வாளி, ஷைஜுவின் பைக் — எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சாலைக் கடைத்தெருவில் டீ மாஸ்டராக இருந்தபோது என் வீட்டுக்காரர் பாய்லருக்கு வைப்பார். விரலில் ஒட்டிய மிச்சத்தை வந்து என் நெற்றியில் தேய்ப்பார். இன்றைக்கும் விரலில் மிச்சம். மாடியில் யாருமில்லை. சாய்ப்பு வீட்டம்மா நெற்றியில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

வீட்டில் அவர் படத்துக்கு வைக்கவில்லை. அது காரியம் முடிந்த நாளிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பித்தான் நிற்கிறது.

அக்டோபர் 3

பிளாஸ்டர் குங்குமத்தை உறிஞ்சிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. "எந்தா கலைச்செல்வி, பொட்டு வைக்க இதென்ன துடைப்பமா? திங்கட்கிழமை அவரோட மகள் வராங்க. நான் என்ன சொல்ல?" என்றார் ஜினி மேடம். வேலை போய்விடும் என்கிறான் ஷைஜு. வாடகைக்கு என்னடி செய்வாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பயம்கூட வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 6

மகள் வந்தார். எண்பது இருக்கும். பஞ்சை நனைத்துத் தானே ஒற்றி ஒற்றிப் பார்த்தார். போகவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஜினி மேடம் தமிழில் சொன்னார்: "அம்மா போட்டோவை அப்பா பார்க்கவே மாட்டாராம். பார்க்காமலே இருந்து முகம் மறந்தே போச்சாம். அப்புறம் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரலையாம்."

கறை அப்படியே. வேலை இருக்கிறது, கீழ்த்தளத்தில் மட்டும். மாடிக்குப் போகக் கூடாது.

பஸ்ஸில் கண்ணை மூடி அவர் முகத்தை நினைத்தேன். மீசை வந்தது. மற்றது வரவில்லை.

அக்டோபர் 7

காலையில் படத்தைத் திருப்பினேன். ஒரே தூசி. முந்தானையால் துடைத்துச் சந்தனம் வைத்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு. அதை மறந்தே போயிருக்கிறேன். ஸ்டூடியோவில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் இன்னும் முறைக்கிறார்.

"இத்தன நாளா சொவரையே பாத்துக்கிட்டு நின்னீரே, அங்க எவ நின்னா?" என்று கேட்டேன்.