தப்புதாங்க ஐயா

8.3.1982, திங்கள்
விடிய விடிய மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், இன்று பால் வெட்டு இல்லை. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன்காரன் வந்தான். வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட வேண்டிய ஆளைத்தான் காணோம்.

மத்தியானம் அண்ணன் ஓடிவந்தார். என் கூடப் பிறந்தவர்தான், இங்கே ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ரெங்கசாமி. என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். கால்வாய் ஓரம் எவனோ போட்டுவிட்டுப் போன, உறைந்த ரப்பர் கட்டிப்பால் மூட்டை. தோட்டத்து ஸ்டோரில் சேர்க்கலாமென்று சைக்கிளில் வைத்து வந்திருக்கிறார். பாதி வழியில் போலீஸ், திருட்டு என்று பிடித்துக்கொண்டது. கிடக்கிறது கிடக்கட்டும் என்று வரத் தெரியாதே இந்தச் சன்னாசிக்கு!

குழம்பு அப்படியே இருக்கிறது.

9.3.1982
அண்ணன் லாக்கப்பில் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் இப்படிச் சொன்னாராம்: "கோர்ட்டுல எதுத்துப் பேசாதீங்க மச்சான். தப்புதாங்கன்னு ஒரு கும்பிடு போடுங்க. முடிஞ்சிடும்லா."

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தோட்டத்தில் காலங்காலமாக அப்படித்தானே? எவனோ மரத்தைக் காயப்படுத்தியதற்கு எங்கப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பங்களாப் படியில் நின்றார். "தப்புதான் தொரை." "போ." அவ்வளவுதான், மறுநாள் வேலைக்குப் போனார். "நான் இல்லை" என்று நிமிர்ந்து நின்றவனுக்குத்தான் சீட்டுக் கிழிந்தது.

15.3.1982
கோல சிலாங்கூர் கோர்ட்டு. மொழிபெயர்ப்பாளர் தமிழில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். முடிப்பதற்குள் இவர் கை மேலே போய்விட்டது. "தப்புதாங்க ஐயா. மன்னிச்சிருங்க."

"முழுசாக் கேளுங்க. குத்தம் என்னான்னு புரியுதா? ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு தெரியுதா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டினார். பூம்பூம் மாடு தோற்றுவிடும்.

இரண்டு வாரம் ஜெயில். இரண்டு வருஷம் என்று பயந்திருந்தேன். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து, "பாத்தியா தங்கச்சி, நான் சொன்னேன்ல?" என்றார். பசி. நன்றாகவே சாப்பிட்டேன்.

29.3.1982
வெளுத்து மடித்த அவர் வேட்டி சட்டையோடு ஜெயில் வாசலில் நின்றேன். விடவில்லை.

அவர் அடையாள அட்டை சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அதனால் அந்நிய நாட்டவராம். தண்டனை பெற்ற அந்நியரை அவர் நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எது அவர் நாடு? இந்த மனுஷன் பிறந்தது எங்கள் நாலாவது லயத்தில்! ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? பக்கத்து ரவாங் ஊரைத் தாண்டிப் போனதில்லை. இந்தியாவாம்.

30.3.1982
மகள் தங்கமணிக்குப் பதிமூன்று வயசு. கேட்கிறாள்: "நம்ம ரெண்டு பேரும் இந்த நாடு, அப்பா மட்டும் எப்படிம்மா வேற நாடு?" அவள் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

2.4.1982
கிள்ளானில் லாயர் சிவானந்தத்தைப் பார்த்தோம். நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். "இது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்மா. யூனியன்காரங்களக் கப்பலேத்த வச்சிருந்தான். அவன் போயிட்டான், சட்டம் போகல."

ஒரு வழி இருக்கிறதாம். "புரியாமல் ஒத்துக்கொண்டேன், நான் திருடவில்லை" என்று அவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பெரிய கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாமாம்.

கேட்டதும் அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் வந்திருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன்.

6.4.1982
கம்பிக்கு அந்தப் பக்கம் அவர். மெலிந்துவிட்டார். லாயர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டேன்ல அமரா. இப்ப இல்லன்னா, கோர்ட்டுல பொய் சொன்னேன்னு ஆயிடாதா?"

"அன்னிக்குச் சொன்னதுதான்யா பொய்! செய்யாததச் செஞ்சேன்னியே, அதான் பொய்!"

காவல்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரை 'யா' போட்டுப் பேசியதில்லை. சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

7.4.1982
லாயர் பெரிய கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். இனி மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

17.6.1982
மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

லாயர் எனக்குப் புரியும்படி சொன்னார். அன்றைக்கு நடந்ததெல்லாம் கோர்ட்டில் பதிவாகியிருக்கிறதாம். குற்றத்தைத் தமிழில் விளக்கினார்கள், புரிந்தது என்றார், ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். நீதிபதி கேட்டாராம், குற்றம் செய்யாதவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று.

எதற்காகவா? ஐயா, நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

11.7.1982
இந்தியாக் கப்பல் போய்விட்டது. கூட்டத்தில் அவர் தலை தெரிந்த மாதிரி இருந்தது. அவர்தானா தெரியவில்லை.

12.7.1982
விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனேன். வெட்டினேன். வந்தேன்.

4.2.1983
நாமக்கல் பக்கம், அவர் தாத்தா ஊர் என்று யாரோ சொன்ன ஊரில் இருக்கிறார். அங்கே யாருக்கும் அவர் குடும்பத்தைத் தெரியவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். "நீயும் பிள்ளையும் வந்துருங்க" என்று எழுதியிருக்கிறார்.

தங்கமணியிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மறுபடியும் அவளே படித்தாள். "எனக்கு அப்பா வேணும்மா. ஆனா நான் அங்க வரல" என்றாள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போக முடியுமா? அவரைத் தனியே விடத்தான் முடியுமா? கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

20.11.1983
கடிதம் வந்தது. மறுபடி வந்த காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

ஆகஸ்டில் எழுதும்போது, காய்ச்சலில் கிடந்தேன், எதிர்வீட்டு நல்லம்மாள், புருஷன் இல்லாதவள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள் என்றிருந்தார். அடுத்ததிலும் நல்லம்மாள். அதற்குப் பிறகு அந்தப் பேரே இல்லை. இன்றைக்கு வந்ததிலும் இல்லை. மில், மழை, அரிசி விலை, தங்கமணி படிப்பு. பொய் சொல்ல வராது அவருக்கு. பேசாமல் இருந்துவிடுவார். எனக்குத் தெரியாதா என் ஆளை?

சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே கூட்டி அள்ளினேன். அழுகை அடங்கிய பிறகு இப்படிப் பதில் எழுதினேன்: தங்கமணி நன்றாகப் படிக்கிறாள். அண்ணன் தலை நரைத்துப்போய், நான் பேச மாட்டேனா என்று வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறார். நாங்கள் அங்கே வருவதற்கில்லை. நல்லம்மாளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்தால் ஆள் வேண்டும். இதற்கு மன்னிப்புக் கேட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தங்கமணி கையில் கொடுக்காமல் நானே சாலை வரைக்கும் நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.