வெறும் குப்பியின் சார்ட்

பக்கத்து வீட்டுக்காரர் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, மிச்சமிருந்த மூலிகைத் தைலத்தைக் குப்பியோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ செத்து ஒரு மாதம் ஆகிறது. மேலகரத்தில் உனக்கு ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘மூலிகை விஞ்ஞானி’ என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவன் சிரிக்கிறானே என்று உன் மருமகன் முறைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ ஊர்க் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். உன்னோடு படித்த நான் சென்னையில் என்.எம்.ஆர். என்ற காந்தக் கருவியோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். ஒரு செடியின் சாற்றில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும். காந்தத்துக்குள் வைத்தால் ஒவ்வொன்றும் சார்ட் தாளில் தனக்குரிய இடத்தில் முகடாக எழும்பும். முகடு எவ்வளவு பெரிதோ, பொருளும் அவ்வளவு. நீ முகடுகளைப் பிளேடால் வெட்டி, அந்தத் தாளைத் தராசில் நிறுத்துக் கணக்குப் போடுவாய். அதைக் குறை சொல்லமாட்டேன். அன்றைக்குப் பலரும் செய்ததுதான். உன் வாழ்க்கையில் நீ ஒழுங்காகச் செய்த ஒரே வேலையும் அதுதான்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக, மலையில் பறித்த ஒரு கொடியின் சாற்றை மாதாமாதம் எனக்கு அனுப்பினாய். நான் அளந்து உனக்கு அனுப்பிய எல்லாச் சார்ட்டிலும் ஒரே இடத்தில் ஒரு தடித்த முகடு.

“புதுப் பொருள்லே! சாரல்ல கூடுது, கோடையில கொறையுது, பாத்தியா!” என்று தென்காசி ஸ்டேஷனில் குதித்தாய். அதற்கு உன் பெயரையே வைக்கப் பார்த்தாய். கட்டுரை எழுதி, இரண்டாவதாக என் பெயரையும் சேர்த்தாய்.

அன்றைக்கு அருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எறிந்த காலிக் குப்பிகளை நீ பொறுக்கினாய். அருவியில் காட்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பையில் போட்டாய். சாறு எனக்கு வந்தது அந்தக் குப்பிகளில்தான்.

“சோப்புப் போடலையாடே?”

“அருவித் தண்ணிய மிஞ்சின சோப்பு எங்கன இருக்கு?”

வேதியியல் வாத்தியார் பேசுகிற பேச்சா இது? ஒரு காலிக் குப்பியைச் சென்னைக்குக் கொண்டுபோய், உள்ளே வெறும் கரைப்பானை விட்டு அலசி, அதை அளந்தேன். அதே இடத்தில் அதே முகடு. அது தைலத்தின் எண்ணெய். சாரலில் கூட்டம் வரும், புதுக் குப்பி கிடைக்கும், எண்ணெய் கூடும். கோடையில் பழைய குப்பியையே திரும்பத் திரும்ப அலசினாய், குறைந்தது. கொடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சார்ட்டை உன் முன்னால் விரித்தேன்.

“வெறுங்குப்பிய எவம்லே அளப்பான்? ஒனக்குப் பொறாம” என்று கத்தினாய். பிறகு குரல் இறங்கியது. “டாக்டர் பட்டம் போயிரும்லே. ஒம் பேருஞ் சேந்துதான் நாறும். கிழிச்சுப் போட்டுரு.”

நான் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம் மாணவர்களிடம் முதலில் வெறும் குப்பியை அளக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் உன் கதையை, உன் பெயரைச் சொல்லாமல், சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். என் பங்கைச் சொன்னதே இல்லை. அந்தச் சார்ட் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்து, கீழே தேதி. கட்டுரை அச்சாவதற்கு நான்கு மாதம் முந்தைய தேதி.