ஷெரோமி பாதியில் விட்ட செபம்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் ஷெரோமிக்கு,

ஆண்டவர் கிருபையால் அம்மா சுகம், தம்பி ரெனால்டும் சுகம். நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய் என்பதை உன் வாயால் கேட்டு எத்தனையோ நாளாகிறது. எத்தனை தரம் கோல் எடுத்தாலும் நீ எடுப்பதில்லை, "பிஸி அம்மா" என்று ஒரு மெசேஜ் மட்டும் வருகிறது. அதனால்தான் பேனையைப் பிடித்தேன். ரெனால்ட் இதைப் படம் எடுத்து அனுப்புவான், என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை, குசினிக் கூரை ஒழுகி வாளி வைத்திருக்கிறேன்.

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் செபத்தில் நடந்ததைத்தான் நீ மனதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். செபமாலையில் கடைசிப் பத்து அருள் நிறை மந்திரம் உன் பங்கு என்று நான்தான் சொன்னேன், நீ வீடியோவில் தெரிகிற போனை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் முழந்தாளில் இருந்தோம். நீயும் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாய். நடுவிலே உன் மற்றப் போன், அந்த டியூட்டிப் போன், அலறியது. "அம்மா, வந்திட்டுது" என்றாய், எழும்பி ஓடிவிட்டாய். நாங்கள் போனில் நீ இருந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு, மணியை விரலில் பிடித்தபடி, மேலே சொல்வதா விடுவதா என்று முழித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அப்பாவின் அக்கா, உன் றஞ்சிதம் மாமி, "தகப்பன்ட செபத்த விட அந்தச் சட்டலைட் பெருசாப் போச்சா?" என்று கேட்டார். லைன் வெட்டுப்படவில்லை, அது உன் காதில் விழுந்திருக்கிறது. இப்போது அந்த டியூட்டியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாக ரெனால்டிடம் சொன்னாயாம்.

மாமி தெரியாமல் சொல்லிவிட்டார். போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ வந்தபோது அப்பாவுக்குச் சொன்னதை நான் அப்படியே மாமிக்குச் சொன்னேன். எங்கோ தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிர் மின்னலைப் போல வெட்டி மறைந்துவிடும், எந்தப் பக்கம் எப்போது வெட்டும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கதிரைக் கண்ணாடியால் பிடிக்க முடியாது என்பதால், சட்டலைட்டில் ஈயத் துண்டுகளைப் பதித்து, அவற்றின் நிழல் விழுகிற விதத்தை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பார்கள். த்ரீவீல் லைட் பட்டு எங்கள் ஜன்னல் கிறில் நிழல் சுவரில் ஓடுவதைக் காட்டித்தானே நீ விளக்கினாய். அதற்குப் பிறகு அப்பா ஒவ்வொரு த்ரீவீலுக்கும் "இது ஜம்பட்டா வீதிப் பக்கத்தால வருது" என்று சொல்லி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? சட்டலைட் தானாகத் திரும்பிப் பார்த்துச் செய்தி அனுப்பும், டியூட்டியில் இருக்கிற பிள்ளை உடனே சரிபார்த்து மற்றவர்களுக்குச் சொல்லாவிட்டால் அந்த வெளிச்சம் ஆறிப்போகும், அது பிள்ளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்றேன். இப்போது மாமி செவ்வாய்தோறும் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, "எங்கட பிள்ள தேடுறது கிடைக்கோணும்" என்று கேட்கிறார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். உனக்கு அனுப்பவென்று தொதலும் கிண்டியிருக்கிறார்.

துறைமுகத்தில் கப்பல்களின் பின்னால் அலைந்த பழக்கமோ என்னவோ, யார் கோல் எடுத்தாலும் அப்பா சுகம் விசாரிக்க முதல் "எங்க நிக்கிறாய்?" என்றுதான் கேட்பார். நீ எழும்பி ஓடியதைப் பற்றி அன்றைக்கு இத்தனை பேர் கதைத்தோம், அந்த வெளிச்சம் கிடைத்ததா, எங்கே நின்றது என்று ஒருத்தரும் உன்னிடம் கேட்கவில்லை. அவர் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். அவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

டியூட்டியை விடாதே மகள். நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடித் தொப்பி போடு. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், மாதாவும் அந்தோனியாரும் உனக்குக் காவல். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ விட்ட இடத்திலிருந்து ரெனால்ட் சொல்லி முடிக்கப் பார்த்தான், நான் விடவில்லை. அந்த மணியில் ஒரு நூலைக் கட்டிச் செபமாலையை அப்பாவின் படத்தடியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோல் எடு, மிச்சத்தை இரண்டு பேருமாகச் சொல்லி முடிப்போம். அதற்கு முதல் நீ எனக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த வெளிச்சம் எங்கே நின்றது?

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா
றொசலின் ஹியூபேட்