பட்டியலில் இல்லாத பெயர்

அம்மா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

செவிலியர் பள்ளியில்தான் சேர்ந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைகளைப் பள்ளிகள் என்பார்கள்; ஒரு பள்ளியில் இருந்துகொண்டே மற்றப் பள்ளிகளிலும் பாடம் படிக்கலாம். நேரம் தோதாக இருந்ததால் பாறைகளைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்தேன். அடுத்த வருடம் இன்னும் மூன்று. அதற்கடுத்த வருடம் அறிவியல் பள்ளிக்கே மாறிவிட்டேன்.

ஞாயிறுதோறும் போனில் நீ, "ஊசி போடப் பழகிட்டியாடி? முதல்ல எங்கிட்ட வந்துடாத" என்று சிரிப்பாய். நான் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து உட்காரும் பட்டமளிப்புக்கு மட்டும் உன்னை வரச் சொன்னேன். அதற்கு முதல் நாள் செவிலியர் பள்ளி தனியாக விழா வைக்கும், பெற்றவர்களே மேடையேறிப் பிள்ளைகளின் உடையில் செவிலியர் சின்னத்தைக் குத்திவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நர்ஸ்கள் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொல்லாமலே நீ பாஸ்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாய்.

கூட வந்த மிர்லாந்த் சித்தி நடந்ததைச் சொன்னாள். கடைசிப் பெயரையும் படித்த பிறகு, பட்டியலோடு வாசலில் நின்ற பெண்ணிடம் போய் என் பெயரைக் கேட்டாயாம். அவள் பட்டியலை இரண்டு முறை பார்த்து, "அப்படி ஒரு பேரே இல்லீங்களே" என்றாளாம்.

"உங்க பட்டியல்தான் தப்பு. எம் மக எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா" என்றாயாம் நீ.

அந்தப் பட்டியல் சரிதான், அம்மா. பாறைகளைப் படித்ததற்காக நான் வருந்தவில்லை. உன்னை அந்த வாசலில் அப்படிப் பேச வைத்ததற்குத்தான் வருந்துகிறேன்.

இந்த ஞாயிறு நேரில் வருகிறேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

உன் மகள்