நியூட்ரலில் இறங்கிய வண்டி

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பியும் விட்ட அக்காவுக்கு,

உன் வண்டி நின்றுவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்து, ஊர் நிலவரம் எழுதி, கடைசி வரியில் விஷயத்துக்கு வருவது என் வழக்கம். நீ என் கடிதங்களைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பவள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கோத்தகிரியில் ஐப்பசி மழை. மூன்று நாளாக எதிர் வீடு கண்ணில் படவில்லை. இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாழ்கிறோம். தேயிலைச் சரிவு காலையில் ஒருமுறை வெளியே வருகிறது, இன்னும் பச்சைதான் என்று காட்டிவிட்டு மூடுபனி மஞ்சுக்குள் திரும்பிவிடுகிறது. தபால்காரர்கூட இடுப்புக்கு மேலே மட்டும் வந்து போகிறார். இப்படியொரு வெளிச்சத்தில் இல்லாதவளுக்குக் கடிதம் எழுதுவது பெரிய விசித்திரமாகத் தோன்றவில்லை.

முதலில், தானாகவே கியர் மாறும் உன் தானியங்கி வண்டிக்கு ஒரு தயக்கம்தான் இருந்தது. கியரை டிரைவுக்குத் தள்ளினால் ஒரு நொடி எதையோ நினைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு யாரோ தோளைத் தட்டி எழுப்பியதுபோல ஒரு உலுக்கலோடு நகரும். துக்கம் என்று நினைத்தேன். நானும் இப்போதெல்லாம் அப்படித்தான் படுக்கையிலிருந்து கிளம்புகிறேன். வண்டியையும் என்னையும் ஒரே வைத்தியரிடம் காட்டினால் போதும் என்றிருந்தேன்.

போன வியாழக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, ஊருக்கு நாலு வளைவு இருக்கையில், எஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. காலடியில் அத்தனை சத்தம், சன்னலுக்கு வெளியே அதே ஒரு சில்வர் ஓக். பக்கத்தில் உன் கணவர். மச்சான் அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாப்ள, இந்த மரம் நம்ம கூடவே வருதுங்களே."

மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். வாராவாரம் அவருடைய தோளுக்குப் பயிற்சி கொடுப்பவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். போகவர மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த வண்டியில் மட்டும்தான். நீ இருந்தபோது உன்னைத் தாண்டித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். நீ இல்லாமல் போனதும் பேச்சு எந்த வழியாகப் போவது என்று தெரியாமல், வண்டி வழியாகப் போக ஆரம்பித்தது. "வைப்பர் கத்துதுங்க" என்பார் அவர். "ரப்பர் மாத்தோணும்" என்பேன் நான். இதைவிட நெருக்கமான உரையாடல் எங்களுக்குள் நடந்ததில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னிடம் வாங்கிய வாக்கு உனக்கு நினைவிருக்கும். "வண்டி உனக்கு. மச்சானும் வண்டியோட சேத்தி. ஒண்ணே ஒண்ணு, எறக்கத்துல நியூட்ரல்ல மட்டும் விட்டுறாதே. நம்ம அப்பா லாரி இல்ல இது." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். அந்த நிலையில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள் என்று நீ என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது.

நம் அப்பா தேயிலை லாரி ஓட்டியவர். இந்த மலையில் லாரி ஓட்டிய எல்லோரையும் போல, இறக்கம் வந்ததும் கியரை எடுத்துவிட்டு டீசலை மிச்சம் பிடித்தவர். பிரேக் சூடேறி நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி டீ குடிப்பார். மிச்சம் பிடித்த டீசல் அந்த டீக்குச் சரியாகப் போயிருக்கும். அது குடும்ப நோய். எனக்கு இறங்கியிருக்கிறது.

விட்டேன், அக்கா. முதல் மாதமே விட்டேன். டீசலுக்காக இல்லை, உன் வண்டி பெட்ரோல். அரவேணு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற சாலையில், மஞ்சு மூடிய ஒரு காலையில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் ஒரு முணுமுணுப்பாகக் குறைந்தது. சக்கரத்தடியில் ஈரம் சலசலப்பது கேட்டது. தேயிலை பறிக்கும் ஒரு கொழுந்துக்காரி இன்னொருத்தியைக் கூப்பிட்டது கேட்டது. இருவரும் கண்ணில் படவில்லை. சாலையை நான் ஓட்டவில்லை, சாலைதான் என்னைக் கீழே எடுத்துப்போனது. மச்சான் தலையைச் சன்னலில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நீ பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வதற்கு அந்த அமைதி போதுமானதாக இருந்தது. திரும்பிப் பார்க்காதவரை.

அதற்குப் பிறகு எல்லா வியாழக்கிழமையும் விட்டேன். வளைவு வந்தால் டிரைவுக்குத் தள்ளுவேன், நேர்ச்சாலை வந்தால் மறுபடி எடுப்பேன். ஓடுகிற வண்டியை அப்படி ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் பாடம் கேட்டவன்தானே நான்.

வண்டியைக் கட்டியிழுத்து சின்னராசுவின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். உன் வண்டியை ஆரம்பம் முதல் பார்க்கிறவர். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கியர்பாக்ஸை இறக்கித் திறந்து, போன தட்டுகளை மட்டும் மாற்றுவது. இன்னொன்று, கோவையில் பின்புறம் அடிபட்ட ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் முழுசாக இருக்கிறது. அதைக் கொண்டுவந்து இதற்குப் போட்டுவிட்டு, பழையதைத் திறக்காமலேயே இரும்புக்காரனிடம் போட்டுவிடுவது. செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை.

"தொறந்து பாருங்க," என்றார் மச்சான். "என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியோணும்."

திறந்தால் கருகல் தெரியும். கருகலைப் பார்த்தால் சின்னராசு காரணம் சொல்வார். காரணம் தெரிந்தால், உன்னிடம் கொடுத்த வாக்கை மீறி, உன் புருஷனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து கியர் இல்லாமல் இறக்கியவன் நான் என்று தெரியும். மச்சான் சத்தம் போடமாட்டார். அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போய் நிற்பார், அவ்வளவுதான். எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவு பஸ் ஏறிப் போய்விடும்.

ஆகவே நான் மாற்றுவதன் மேன்மைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மூன்று நாள் பேசினேன். ஒருமுறை திறந்த கியர்பாக்ஸ் பழையபடி மூடாது என்றேன். தூசி போகும் என்றேன்; இந்த மழையில் நீலகிரியில் தூசியை எங்கே தேடுவது என்று யாரும் கேட்கவில்லை. பற்று என்பது துன்பத்துக்கு மூலம் என்று நான்கு மதங்களும் சொல்வதாகச் சொன்னேன். டீக்கடையில் எனக்கு ஆதரவு பெருகியது. காய்கறி லாரிக்காரர் ஒருவர், இத்தலாரில் தன் சித்தப்பா கியர் பெட்டியைத் திறந்து கெட்டுப்போனார் என்று சாட்சி சொன்னார். அது தானியங்கியா என்று விசாரித்ததில், ஜீப் என்று தெரிந்தது. பரவாயில்லை, சாட்சி சாட்சிதான்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தொறக்கட்டுங்க," என்றார்.

நான்காம் நாள் காலை தனியாகப் பட்டறைக்குப் போனேன். மச்சானிடம் பேசிச் சம்மதிக்கவைத்துவிட்டதாகப் பொய் சொல்லி, கோவைப் பெட்டியையே வரவழைத்துவிடுவது என் திட்டம். நான் சொல்லி முடிப்பதற்குள் சின்னராசு கியர்பாக்ஸின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து, என் மூக்கருகே நீட்டினார். எண்ணெய் கறுப்பாக இருந்தது. தீய்ந்த அப்பளத்தின் வாசனை வந்தது.

"எறக்கத்துல நியூட்ரல்ல விடுறீங்களா சார்?"

நான் அந்தத் துணியை வாங்கி, இரண்டாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஒம்போது மாசத்துல இத்தன கருகாதுங்க," என்றார். "இது ஏழெட்டு வருசத்து வேல. அக்காவும் அப்படித்தானுங்க விடுவாங்க."

"எந்த அக்கா?" என்றேன்.

"ஏனுங்க, உங்க அக்காதான். ஆயில் மாத்த வரப்ப எல்லாம் கருகித்தான் இருக்கும். சொன்னா சிரிப்பாங்க. என்ன பண்றதுங்க சின்னராசு, அந்த அமைதிய வேற எங்க போய் வாங்கறதும்பாங்க. தம்பிகிட்டச் சொல்லிறாதீங்க, அவனும் விட ஆரம்பிச்சிருவான்னு சொன்னாங்க."

பட்டறை வாசலில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தேன். மஞ்சு உள்ளே வந்து, தூக்கி நிறுத்தியிருந்த உன் வண்டியின் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு போனது. வண்டி தரையைத் தொடாமல், எங்கோ இறங்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. நீ மட்டும் தனியாக எத்தனை முறை அப்படி இறங்கியிருப்பாய்? எதைக் கேட்டுக்கொண்டு இறங்கினாய்? மாத்திரை எண்ணும் எஸ்டேட் ஆஸ்பத்திரி வேலைக்கும், எங்கள் இருவருக்கும் நடுவே, உனக்கென்று இருந்தவை அந்த நேர்ச்சாலைகள் மட்டும்தானா? இதையெல்லாம் கேட்கத் தோன்றியபோது நீ இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன். இனி நான் பயப்பட வேண்டியதில்லை. திறக்கட்டும். கருகலுக்கு எட்டு வருடப் பழி உன்மேல், எனக்கு ஒன்பதே மாதம். இறந்தவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. குடும்பங்கள் அதை எவ்வளவோ காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. பட்டறையிலிருந்து உன் வீடு வரை நடந்துபோகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மெருகேற்றிக்கொண்டே போனேன். அக்காவே அப்படித்தான் விடுவாளாம், மச்சான். நல்ல வாக்கியம். கச்சிதமானது.

மச்சான் சமையற்கட்டில் பால் சேர்க்காத வறடீ போட்டுக்கொண்டிருந்தார். தூக்க முடியாத தோளோடு, மேல் அலமாரியிலிருந்து எனக்காக இரண்டாவது தம்ளரை எடுக்கப் பார்த்தார். நீ பார்த்துப் பார்த்து அடுக்கிய அலமாரி. அவர் அதைக் கீழே மாற்றி வைக்கவே இல்லை. என் நல்ல வாக்கியம் அங்கே என்னைக் கைவிட்டது.

"மச்சான், எறக்கத்துல நான்தான் நியூட்ரல்ல விட்டேன். நீங்க தூங்கறப்ப. அக்காவுக்குச் சத்தியம் பண்ணிட்டு விட்டேன். அதனாலதான் பெட்டி போச்சு. நீங்க பஸ்ல போறதுன்னா போங்க, எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அவர் டீயை ஆற்றினார். இரண்டு தம்ளருக்கும் நடுவில் மூன்று முறை அது போய்வந்தது.

"அவ விட்டதையும் சேத்துச் சொல்றீங்களா மாப்ள, இல்ல உங்களோடது மட்டுங்களா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றபடி தம்ளரை வாங்கினேன்.

"அவகூட வரப்பவும் கண்ண மூடிக்குவேன். முழிச்சிருந்தா அவளுக்குக் கூச்சம், உடனே கியருக்குப் போட்டுருவா. கண்ண மூடிக்கிட்டா நேரா அரவேணு வரைக்கும் சத்தமில்லாம வருவோம். நீங்க மொத தடவ விட்டீங்க பாருங்க, அன்னிக்குக் கண்ணத் தொறக்கவே எனக்கு மனசு வரல. அவதான் ஓட்டறான்னு..."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். நானும் குடித்தேன்.

பிறகு கேட்டேன், எல்லாம் தெரிந்தவர் ஏன் திறந்துதான் ஆக வேண்டும் என்று நின்றார் என்று. "தெரியோணும்னுதான். எந்தத் தட்டு அவ கருக்குனது, எது நீங்க கருக்குனதுன்னு சின்னராசு பிரிச்சுக் காட்டுவாரான்னு கேக்கலாம்னு இருந்தேன்." அப்படிப் பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

நேற்றுத் திறந்தார்கள். இருவரும் போய் நின்றோம். எல்லாத் தட்டும் ஒரே கறுப்பு. மச்சான் கேட்டார், சின்னராசு தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு பேரும் சேந்து பண்ணதுங்க," என்றார். மச்சானுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தட்டுகளை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டோம். கோவைப் பெட்டி வேண்டாம். அது பாவம், மலையைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வண்டி வந்துவிடும். இந்த முறை வாக்கை உன்னிடம் மட்டும் கொடுக்கவில்லை; நீயும் காப்பாற்றாத வாக்கு அது என்பதால், சாட்சி தேவைப்படுகிறது. மச்சானிடமும் கொடுத்திருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை கியரிலேயே இறக்குவேன். எஞ்சின் வழியெல்லாம் கத்திக்கொண்டு வரும். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். எதைப் பற்றி என்று இன்னும் தெரியவில்லை. உன்னைப் பற்றித்தான் ஆரம்பிப்போம் போலிருக்கிறது.

உன்னைப் போலவே மாட்டிக்கொண்ட,
உன் தம்பி