அம்மாவின் மேலண்ணம்

ஜூலை 8, திங்கள்

அப்பா கிளினிக்குக்கு வந்தார். சட்டை ஹேங்கரில் மாட்டியது போல் தொங்குகிறது. மே மாதம் அம்மா போனதிலிருந்து கஞ்சியும் பன்னும்தான். "பல்செட்டு ஆடுதும்மா, மீனைப் பாத்தாலே பேஜாராகீது" என்றார். ஈறு வற்றிவிட்டது. இப்படியே போனால் அவரும் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

மேல் செட்டுக்குள் சாஃப்ட் லைனர் என்கிற மெத்தென்ற பூச்சைப் பூசி அனுப்பினேன். சில நாள் இளகிய பதத்திலேயே இருந்து வாயின் அளவை எடுத்துக்கொள்ளும். பேசப் பேச உதடும் கன்னமும் தள்ளி அதன் ஓரத்தை உருட்டிவிடும். அந்த உருண்ட ஓரத்தைப் பார்த்துத்தான் புது செட்டு கட்டவேண்டும்.

ஜூலை 11, வியாழன்

சாயங்காலம் அப்பா வந்தார். லைனரின் நடுவே ஒரு பள்ளம். பாதாம் கொட்டை அளவு.

பள்ளம் விழவேண்டுமானால் மேலண்ணத்தில் மேடு இருக்கவேண்டும். அப்பாவுக்கு அங்கே வழுவழுவென்று சமம். விரலை விட்டுத் தடவினேன். "இன்னாடி, முள்ளு தேட்றியா?" என்றார். மேடு எதுவும் இல்லை. பழையதை உரித்துவிட்டுப் புதிது பூசினேன்.

ஜூலை 15, திங்கள்

சாயங்காலம் மறுபடியும் அதே பள்ளம். அதே இடம். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் செட்டு கட்டியது நான்தான். மேலண்ணத்தில் இருந்த அந்த எலும்பு மேட்டோடு எத்தனை நாள் மல்லுக்கட்டினேன்! "எங்கம்மா வுட்ட சீதனம்டி அது" என்று சிரிப்பாள்.

மண்ணுக்குள்ள போனவங்க வாய் அப்பா வாய்க்குள்ள எப்பிடி வரும்? ரூத்து, நீ டாக்டர்தானே?

ஜூலை 16, செவ்வாய்

தூக்கமில்லை.

ஜூலை 17, புதன்

காலையில் பேஷண்டுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இந்த லைனரைச் சட்டென்று அழுத்தினால் ரப்பர் மாதிரி பழையபடி எழும்பிவிடும். மெதுவாக, மணிக்கணக்கில் அழுத்தினால்தான் விட்டுக்கொடுத்து அந்த வடிவத்திலேயே நிற்கும். அப்படியென்றால் அந்தச் செட்டு எதன்மேலோ வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறது.

மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ராயபுரம் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. மாதா படத்துக்குக் கீழே மேசை. அம்மா தட்டில் சோறு, நெத்திலிக் குழம்பு. தட்டுக்குப் பக்கத்தில் அம்மா வாயின் பிளாஸ்டர் அச்சு, அந்த மேட்டோடு. என் அலமாரியிலிருந்து காணாமல் போனது அது. கூட்டுகிற அக்காவை அதற்காகத் திட்டியிருக்கிறேன். அச்சின்மேல் அப்பாவின் பல்செட்டு. அப்பா பொக்கை வாயோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடுகிற யாரையோ அவசரப்படுத்தக்கூடாது என்பதுபோல.

"ஆஸ்பத்திரில அவ செட்டைத் தொலைச்சுட்டானுங்க. பொக்கை வாயோடதான பொட்டில வெச்சு மூடுனோம்? அங்க அவ இன்னாத்தத் துன்னுவா? அதான் மதியத்துக்கு என்னுதைக் குடுத்துர்றேன். சாயங்காலம் எடுத்துக்குவேன். அவ நிதானமாத்தான் துன்னுவா, ஒனக்குத் தெரியாதா?"

"நீ எப்பப்பா சாப்பிடுவ?"

"அவ துன்னப்புறம் பசிக்கிறதில்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

அச்சுக்கு ஒரு நகல் எடுத்து, புது செட்டு கட்டத் தண்டையார்பேட்டை லேபுக்கு அனுப்பினேன். லேபிலிருந்து சுஃபியான் போன் செய்தார். "டிரையலுக்கு பேஷண்ட் எப்ப வர்றாங்க டாக்டர்?"

வரமாட்டாங்க என்றேன். பல் என்ன நிறம் என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

அம்மாவின் புது செட்டைக் கொடுத்தேன். அப்பா அதை அச்சின்மேல் வைத்து அமுக்கிப் பார்த்தார். "ஆடுதே ரூத்து. அவளுக்கு வலிக்கும்."

செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வெந்து ஆறும்போது ஒரு துளி சுருங்கும். நியாயமான புகார்தான். பேஷண்டைவிட மோசமாகப் படுத்துகிறார்! சிரித்துக்கொண்டே அதற்கும் லைனர் பூசி வைத்தேன். பிளாஸ்டருக்கு உதடா, கன்னமா? ஓரத்தில் வழிந்தது வழிந்தபடியே நின்றது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பூசை முடிந்து அப்பா வீட்டில் சாப்பாடு. அப்பா வஞ்சிரம் வறுவல் தின்றார். என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. அவர் லைனர் சுத்தம், பள்ளமே இல்லை. ஆண்டவருக்கு நன்றி.

"அவளுதையும் பாத்துடு" என்று அம்மாவின் செட்டைக் கையில் கொடுத்தார்.

நடுவில் பள்ளம், இடப்பக்கச் சாய்வு. அது இருக்கவேண்டியதுதான். ஆனால் ஓரம்? வழிந்து நின்றது எங்கே? சுற்றிலும் வழவழவென்று உருண்டிருந்தது. மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கும் சவ்வு இழுக்கிற இடத்தில் சின்னதாய் ஒரு வெட்டு. ஓயாமல் பேசுகிறவர்களுக்குத்தான் அப்படி விழும்.

"நீ போட்டுப் பாத்தியாப்பா?"

"என் வாயில அது எங்கம்மா நிக்கும்?"

உண்மைதான். அவர் போட்டிருந்தால் அந்தச் சமமான அண்ணத்தில் பள்ளம் கலைந்திருக்கும்.

லைனரை உரிக்கவில்லை. குழாயில் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

"அம்மாவுக்கு இப்போ ஆடலப்பா" என்றேன்.