இரண்டு ஓடைகளுக்கு நடுவில்

மாமா,

முற்றத்தில் உங்கள் கூடாரத்தை விரித்துப் போட்டிருக்கிறார்கள். பந்தலில் சமையல் பக்கம் சாரல் அடிக்காமல் கட்ட வேண்டுமாம். ஈரக் கித்தானின் வாடை வீடெல்லாம் பரவியிருக்கிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது. கல்யாணம் எனக்குத்தான்.

மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு இந்த வீட்டில் நான் யாரிடமும் எதையும் முழுதாகச் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஐப்பசி. கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். தங்கச்சி பெரியவளான சேதியைச் சொல்லி உங்களைக் கூட்டிவர அம்மா என்னை மலைக்கு அனுப்பினாள். ஏலக்காடுகளுக்கு அப்பால், சர்வே காம்பில் நீங்கள் நிலம் அளக்கிற சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டிய பிறகுதான் பெண் அதற்குள் போய் உட்கார முடியும். அதுவரை மாட்டுக்கொட்டத்து ஓரத்தில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால். குச்சு கட்டுகிற மாமனுக்கு அவளைத் தன் வீட்டுக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. உங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால்தான் அம்மா உங்களுக்கு மட்டும் சொல்லியனுப்பினாள். ஆனால் ஊரில் சேதி சொல்லுகிறவர், முறை தவறக் கூடாது என்று, தேவதானப்பட்டியில் இருக்கும் அம்மாவின் பெரியப்பா மகனுக்கும் சொல்லிவிட்டார். அந்தப் பெரிய மாமாவுக்கு மனைவியை இழந்த ஒரு மகன். அவனுக்குக் குழந்தைகள் வேறு. தங்கச்சி அப்போதும் பள்ளிக்கூடப் பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவள்.

நாம் இருவரும் இறங்கி வருகையில் புயல் பிடித்தது. ஓர் ஓடையைக் கடந்தோம். அடுத்த ஓடை மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தால் கடந்த ஓடையும் இல்லை, செந்நிறத் தண்ணீர்தான். நடுவில் ஒரு மேடு. அதில், காம்பில் கழித்துப் போட்டதென்று நீங்கள் சுமந்து வந்த இந்தக் கூடாரத்தை அடித்தோம்.

முளைகள் சேற்றில் நிற்கவில்லை. நடுக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வெளியே போக இடமில்லை. உள்ளே நிமிர இடமில்லை. அவல் ஊறிப் புளித்தது. கால்விரல் இடுக்குகளில் அட்டை. காலையா மாலையா என்று சொல்லத் தெரியாத ஒரே சாம்பல் வெளிச்சம்.

"முதுகச் சாய்க்காத, மருமகனே. தொட்ட எடத்துல ஒழுகும்."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். பயத்தில்தான். பெண்ணை ஓலைக்குள் உட்காரவைப்பது, மாமன் உரிமை, எல்லாம் ஒழிய வேண்டும் என்றேன்.

"ஒழியட்டும். அதுக்கு முன்னாடி இந்தக் கம்பச் சித்த நேரம் புடி. நான் கால நீட்டிக்கிறேன்."

"பெரிய மாமா முந்திட்டாகன்னா?"

"அண்ணன் ஒடம்புக்கு வரப்புல வழுக்காம வந்து சேரணும்ல." சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "மொதல்ல ஓலைய நட்டவன்தான் மாமன். அங்கன வேற பேச்சே கெடையாது."

தண்ணீர் வடியும்வரை உங்கள் கண் ஓடையிலேயே இருந்தது. கீழே, சாக்குக்குப் பின்னால், அவளும் இதே மழையைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்தபோது குச்சு நின்றது. பெரிய மாமா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வாப்பா, தம்பி. மலையில மழை பாத்துட்டு மெதுவா வந்தீகளாக்கும்."

நீங்கள் குச்சை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்கள். தோளில் இருந்த ஈரமூட்டையை இறக்கி, அதன் பக்கத்திலேயே கூடாரத்தை அடித்தீர்கள்.

"என்னடா இது, சர்க்கஸா?"

"ஓலை ஒழுகுது. புள்ள நனையுது."

பிறகு குச்சு வாசலில் குனிந்து கேட்டீர்கள்: "ஆத்தா, இந்த ரெண்டுல ஒனக்கு எது வேணும்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு தங்கச்சி பாயைச் சுருட்டிக்கொண்டு, தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போனாள்.

பெண் கேட்கிற உரிமை போன பெரிய மாமா கை நனைக்காமல் வண்டி ஏறினார்.

அவள் இப்போது மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கிறாள். அவள் சேர்ந்தது வரை உங்களுக்குத் தெரியும். தெரியாதது இது: நீங்கள் போன பிறகு, அறுந்துபோன உறவு அம்மாவை அரிக்க ஆரம்பித்தது. "பொண்ணத்தான் குடுக்கல. அவுக வீட்டுல ஒரு பொண்ணையாவது எடுத்துக்கிருவோம்" என்றாள். பெரிய மாமாவின் கடைசி மகள். நான் சரி என்று சொன்னதாக நினைவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவ்வளவு போதுமாக இருந்தது அவர்களுக்கு. பத்திரிகை அடித்தாயிற்று. முன்னால் போக வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. முதுகைச் சாய்க்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் தங்கச்சி மதுரையிலிருந்து வந்தாள். கித்தானை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் கேட்டாகளா?"

என் மூச்சு முட்டலை மட்டுமே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இன்னொருத்தி, அதே பத்திரிகையில் பெயர் போட்டு.

நாளை முதல் பஸ்ஸில் தேவதானப்பட்டிக்குப் போகிறேன். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறக் கூடாது என்பார்கள். ஏறமாட்டேன். வாசலில் நின்று அவளைக் கூப்பிடச் சொல்வேன். எல்லாரும் நிற்கும் இடத்தில், உங்களைப்போல, சத்தம் உயராமல் கேட்க எனக்கு வருமா என்று தெரியவில்லை.

அவள் வேண்டாம் என்றால், திரும்பி வந்து இந்தப் பந்தலில் நின்று நான்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

சொல்வேன், மாமா.